ஷெல் கிறீன் நிழற்படம்

1915 டிசெம்பர் 17ஆம் நாள், கலிப்போலிப் போர்முனையில், ஷெல் கிறீன் என்னும் சிறு திறந்தவெளியில் அவுஸ்திரேலியப் போர்வீரர் கிரிக்கெட் ஆடினர். துடுப்புடன் நிற்பவர் மேஜர் ஜோர்ஜ் மக்காதர் ஒன்ஸ்லோ. தலைக்கு மேலே எறிகணைகள் பறந்தன. அக்காட்சியைக் காட்டும் நிழற்படம் இன்றும் அஞ்சாமையின் சின்னமாகப் போற்றப்படுகிறது.

காண்போர் இதனை ஓய்வுநேரக் களிப்பென்றே எண்ணுவர். நடந்தது வேறு. படை இரகசியமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வழமைபோல் நடப்பதாக எதிரியை நம்பவைக்கவே துடுப்பும் பந்தும் வெளியே வந்தன. டிசெம்பர் 20 விடியுமுன் அன்சாக் கரை வெறுமையாயிற்று. எட்டு மாதப் போரில் 8,000க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியர் மாண்டனர். தம் கரையைக் காத்துநின்ற ஒட்டோமன் படையினரில் மாண்டோர் 80,000க்கும் அதிகம். இவர்களில் எவரும் படத்தில் இல்லை.

ஆடியவரின் துணிவை நாம் மறுக்கவில்லை. ஊர் மைதானத்தின் நினைவு அவர்கள் நெஞ்சில் இருந்திருக்கும். அந்நினைவையும் போர் தன் கருவியாக்கிக்கொண்டதே இப்படத்தின் துயரம். இதனை விளையாட்டுணர்வென்று மட்டும் வியக்கும் ரசனை குறையுடையது. பிரித்தானியப் பேரரசின் போருக்காக அந்த இளைஞர் ஏன் அக்கரையில் நின்றனர் என்று அது கேட்பதில்லை. நாம் கேட்கவேண்டும்.