சான்றை வினாவுதல்: வெண்ணெய்நல்லூரும் மதுரையும்

வழக்கில் உண்மை காண்பதற்குரிய கருவி வினாவேயாகும். ஆயினும், நம் காப்பிய வழக்குகளை ஆராய்வோர் தீர்ப்பின் முறைமையை நோக்கும் அளவிற்கு, அங்கு யார் யாரை என்ன வினவினர் என்பதனை நோக்கிலர். பெரியபுராணத்தும் சிலப்பதிகாரத்தும் வரும் இரு வழக்குகளை இவ்வழியில் ஒப்புநோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுப்பர். சட்டம் பயில்வோர் நடத்தும் மாதிரி வழக்குகள் பெரிதும் அறிவினாவால் ஆயவை. சாட்சியாக நடிப்போர் கூறவேண்டியன முன்னரே எழுதித் தரப்பெறும். வினவுவோரும் அவற்றை அறிவர். உண்மை மன்றத்திலோ, சாட்சியின் விடை யாது என்பது முன்னரே உறுதியன்று. ஆதலின் 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என மூன்று நிலைகளை வகுத்தது. விடையைத் தன்னுள் அடக்கிய வினாவை, எதிர்த்தரப்பார் மறுப்பின், மன்றத்தின் இசைவின்றி முதல் விசாரணையில் கேட்டல் ஆகாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். 2024 சூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியமும் இந்நெறியைக் கொண்டுள்ளது. தன் சாட்சிக்கு விடையை ஊட்டலாகாது, எதிர்ச்சாட்சியை ஆராயாது ஏற்கவும் வேண்டுவதில்லை என்பது இதன் கருத்தாகும்.

இனி, வெண்ணெய்நல்லூர் வழக்கை நோக்குவோம். முதிய அந்தணராய் வந்த இறைவன், நாவலூரரைத் தம் அடிமை என்கின்றார். முடிவை அறிந்த ஒருவர் வேடம் பூண்டு தொடுத்தமையின், இதனை ஆடல் வழக்கு எனலாம். எனினும் அவையத்தார் ஆடலாகக் கொண்டிலர். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் முன்பு உண்டோ என ஐயுற்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். கிழிக்கப்பட்டது படியோலை என்பது கூறப்பட்டு மூலவோலை வந்தபின்னும் அவர்கள் அமைந்திலர். ஓலை படிக்கப்பெற்றது, அதில் எழுத்திட்ட சான்றினர் தம் எழுத்தை நோக்கி ஒப்பினர், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு அவர் கையெழுத்தும் ஒப்புநோக்கப்பெற்றது. இவை யாவும் முடிந்த பின்னரே தீர்ப்புப் பிறந்தது.

மதுரையில் நிகழ்ந்ததோ ஓர் உயிரைப் பற்றிய மெய்வழக்கு. ஆண்டுச் சாட்சி ஒருவனே. அவனும் அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன். அரசன் அவனைக் குறுக்கே ஒரு வினாவும் வினவிற்றிலன். கோவலனை அழைத்துக் கேட்டிலன். கொலைக்களத்தில், இவன் கொலைப்படு மகன் அல்லன் என்று காவலர் ஐயுற்றபோது, பொற்கொல்லன் தான் கண்டது கூறானாய், மந்திரம் முதலாகக் கள்வர் துணைக்கொள்ளும் எட்டினை விரித்துரைக்கின்றான். நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள் இஃது இனமொழி விடைக்கு அணித்தாவது. 'நீ நேரிற் கண்டது யாது?' என்னும் ஒரு வினா அதனைத் தடுத்திருக்கும். அதனை வினவுவார் இலர்.

கண்ணகி அவை புக்க பின்னரே சான்றாராய்ச்சி தொடங்குகின்றது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைக்கப்படுமுன்னரே இரு கூற்றுகளும் வெளிப்பட்டமையின், அரசன் வாய்மொழியே அவனுக்கு எதிர்ச்சான்றாயிற்று. ஆராயாதவன் என்னும் பொருள்பட அவள் அவனை விளித்தது வெறும் வசையன்று. வழக்கின் குற்றத்தைச் சுட்டும் சொல் என்க.

ஊழே கோவலனைக் கொன்றது, ஆதலின் வினவாமை குற்றமன்று என்பாரும் உளர். அது பொருந்தாது, என்னை? மதுராபதி கூறும் பழம்பிறப்பு வரலாற்றில், பரதனாயிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான். அவ்வூழின் வித்தும் ஆராயப்படாத ஒரு சாட்சியமே. ஆகவே அடிகள் ஊழை அரசனுக்கு விலக்காகக் கூறினார் எனல் சாலாது. அரசனும் ஊழின்மேற் பழியேற்றாது, தானே கள்வன் என ஏற்று உயிர்விடுகின்றான்.

இவ்வொப்பீடு இலக்கியம் பயில்வார்க்கும் வேண்டுவதாகும். நம் வழக்காடு மன்றங்களில் காப்பிய மாந்தர் குற்றஞ்சாட்டப்படுவர்; சாட்சிக் கூண்டில் நிற்பவை பாடல்களே. ஒருவர் ஓரடியை எடுத்துரைப்பின், கைதட்டல் எழுகின்றதேயன்றிக் குறுக்கு வினா எழுவதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இந்நிலை சிற்சிலவிடத்து உண்டு. கோவலனைக் கள்வன் என்னும் சொல்லும் காப்பியத்தில் உள்ளதே. அது பொற்கொல்லன் வாய்மொழி என்பதை மறைப்பின், நூலே கோவலனைப் பழித்ததாக முடியும். ஆதலின் மேற்கோள் காட்டப்படும் ஒவ்வோரடியையும், கூறியவர் யார், கேட்டவர் யார், கூறியவர் அதனை நேரிற் கண்டவரோ, அச்சொல்லால் அவர்க்கு ஊதியம் உண்டோ என நான்கு வகையால் வினவுதல் வேண்டும். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஓலையை ஆராய்ந்த முறையே பாடற்சான்றை ஆராய்வார்க்கும் உரிய முறையாகும்.