கைக்கு வேலை, காதுக்குக் கதை

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரும்புக்கை மாயாவியைக் கொடுத்த ஊர் சிவகாசி. 1972-ல் சௌந்தரபாண்டியன் இங்கிருந்து முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே மாயாவிதான். 1984-ல் அவருடைய மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தீப்பெட்டி லேபிள் அடிக்க வளர்ந்த அச்சுத் தொழில், பிரிட்டிஷ் வார இதழ்களின் சாகச வீரர்களைத் தமிழ் பேச வைத்து, ஊர் ஊராகப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கவிட்டது. ஸ்பைடர், ஆர்ச்சி, பின்னாளில் டெக்ஸ் வில்லர், லக்கி லூக் என்று அந்த வரிசை இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

காமிக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் சேகரிப்பைப் பற்றியும் பழைய இதழ்களின் விலையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதை வீடுகளில் எப்படிப் படித்தார்கள் என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. வீட்டுக்கு வந்தது ஒரு புத்தகம், அதைச் சுற்றி மூன்று நான்கு தலைகள். எழுத்துக் கூட்டத் தெரிந்த அண்ணனோ அக்காவோ படிக்க, சின்னது கட்டத்துக்குக் கட்டம் விரலை நகர்த்திக்கொண்டே வரும். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் இடத்தில் விரல் நின்றுவிடும். அடுத்த கட்டத்துக்குப் போகவிடாது. படிக்கிறவருக்கும் வேலை அதிகம். வில்லனுக்குக் கட்டைக் குரல், போலீஸ்காரருக்கு மிடுக்கு, வெடிக்கு வாயாலேயே சத்தம். இப்படி மாறி மாறிப் படிக்கப் பழகிய பிள்ளைக்குப் பள்ளியில் உரக்கப் படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. வாசிப்பைக் கெடுக்கும் சரக்கு என்று பெரியவர்கள் ஒதுக்கிய காமிக்ஸ், சேர்ந்து படிக்கும் பழக்கத்தை இந்த வட்டாரத்தில் சத்தமில்லாமல் வளர்த்தது.

குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுவது மேல்நாடுகளில் இன்று தனித் துறை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜிம் ட்ரிலீஸ், பெற்றோர் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது பற்றி எழுதிய கையேட்டை 1982-ல் பெங்குவின் வெளியிட்டது. பாஸ்டனில் 1989-ல் குழந்தை மருத்துவர்கள், சிகிச்சைக்கு வரும் பிள்ளையின் கையில் புத்தகம் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். பிரிட்டனின் புக்ஸ்டார்ட் திட்டம் 1992-ல் பர்மிங்ஹாமில் தொடங்கியது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் இவற்றின் அறிவுரைகளில் பெரும்பாலும் ஒரே வீடுதான் வருகிறது. படிக்கத் தெரிந்த அம்மா அல்லது அப்பா, மடியில் பிள்ளை, தூங்கப் போகும் நேரம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளை அந்த வீட்டுக்குள் அடைக்க முடியாது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1980-களில் இந்த வட்டாரத்தின் தீப்பெட்டி ஆபீசுகளிலும் பட்டாசு ஆலைகளிலும் வேலை செய்த சிறுவர்களின் எண்ணிக்கை 45,000 என்று அக்கால ஆய்வுகள் எழுதின. விடிவதற்கு முன்பே கிராமங்களுக்குள் கம்பெனி பஸ் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். சலம் பென்னுர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் அந்த முகங்களைப் பார்க்கலாம். இந்தச் சிறுவர்களுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அபாயகரமான வேலையில் வைத்த ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. அதன் பிறகு நிலைமை பெரிதும் மாறியது.

அந்த பஸ்ஸில் போன சிறுமிகள்தான் இன்று ஐம்பதைத் தாண்டிய அம்மாக்கள், பாட்டிகள். பலருக்குக் கையெழுத்து போடத் தெரியும், பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தெரியும், பக்கம் பக்கமாகப் படிப்பது சிரமம். இங்கே குடும்ப வாசிப்பு என்றால் பிள்ளை படிக்கிறது, பெரியவர்கள் கேட்கிறார்கள். புத்தகம் கீழிருந்து மேலே போகிறது.

இதை ஒரு குறையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். குறை பள்ளிக்கூடம் கிடைக்காமல் போனதில் இருக்கிறது. கேட்கும் திறமையில் எந்தக் குறையும் இல்லை. கதை கேட்பவருக்குத் தமிழில் ஒரு கடமை உண்டு, 'உம்' கொட்ட வேண்டும். உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவார். இப்போது பேரன் படிக்கிறான், பாட்டி உம் கொட்டுகிறார். தீப்பெட்டி அட்டையில் பசை தடவி மடித்துப் போட்டுக்கொண்டே, "ஏலே, கரன்ட தொட்டா செத்துல்ல போவான், இவன் எப்பிடி மறையுறான்?" என்று கேட்கிறார். பேரன் மேலே இருக்கும் கட்டத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படிக்கிறான். தான் பாதி புரிந்துகொண்டதைப் பாட்டிக்கு முழுதாக விளக்கவேண்டிய கட்டாயம் அவனுக்கு வந்துவிடுகிறது.

பாட்டி செய்வதற்கு ஆய்வுலகிலும் ஆதரவு உண்டு. உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். படத்தைக் காட்டி வெறுமனே படித்துக்கொண்டு போகாமல், ஆமாம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்க வேண்டும், பிள்ளை சொல்வதை நீட்டிப் பேச வேண்டும். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன், வழக்கம்போலப் படித்துக் கேட்ட குழந்தைகளைவிட நன்றாக முன்னேறியிருந்தது. பலன் கேள்வியில் இருக்கிறது. கேள்வி கேட்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் வாசிப்புத் திட்டம் வகுக்கிறவர்கள் முதலில் கவனிக்கவேண்டிய செய்தி இதுதான்.

இன்னொரு வசதியும் இங்கே இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டுவது, பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுவது, அச்சான தாளை மடிப்பது எல்லாமே கையைக் கட்டிப்போட்டுக் காதைச் சும்மா விடும் வேலைகள். உலகத்தில் இப்படிப்பட்ட வேலைக்கூடம் ஒன்று வாசிப்பையே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்து, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசகரை அமர்த்தினார்கள். அவர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் படிப்பார். அடுத்த ஆண்டே அரசாங்கம் பயந்து தடை போட்டது. பழக்கம் அதையும் தாண்டி நின்றது. மான்டே கிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயர் அங்கே விரும்பிக் கேட்கப்பட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். கியூபாவில் படித்தவர் சம்பளம் வாங்கிய ஆள். சிவகாசி வீட்டில் அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம். ஒரு குரோஸ் பெட்டி ஒட்டி முடிவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். பிள்ளையின் கையில் புத்தகம்தான் இருக்க வேண்டும், பசைக் கிண்ணம் இருக்கக் கூடாது. அதில் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை.

தமிழில் உரக்கப் படிப்பது புதிதும் அல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்ற மலிவுப் பதிப்புகளை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் பல தலைமுறைகளுக்கு விற்றன. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, திண்ணை முழுக்க ஆட்கள் கேட்பார்கள். இந்தக் கூட்டு வாசிப்பு மெல்ல மெல்ல மௌன வாசிப்பாக மாறிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1990-களில் அறிவொளி இயக்கம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காகப் பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன, கூட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். நெல்லை அறிவொளியில் உழைத்தவரும் சாத்தூர்ப் பக்கத்து மேட்டுப்பட்டியைச் சேர்ந்தவருமான எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த நாட்களை 'இருளும் ஒளியும்' நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இன்று புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அரசின் இல்லம் தேடிக் கல்வி 2021-ல் தொடங்கியது. தெருவுக்குத் தெரு மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுத்து வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் முதற்கட்டமாக 53 சிறு புத்தகங்களை வெளியிட்டது. பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015-லிருந்து தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தூலிகா, புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளும் உண்டு. தீப்பெட்டி வட்டாரத்துக்காரரான கோவில்பட்டி உதயசங்கர் 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். 2021-ல் அதே விருதைப் பெற்ற மு. முருகேஷின் புத்தகத்துக்கு 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' என்று பெயர். இந்த வட்டாரத்து வீடுகளுக்கு அந்தத் தலைப்பு அப்படியே பொருந்தும்.

மொழி ஒரு சிக்கல். படக்கதைகள் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் வருகின்றன. பாட்டியின் காது கரிசல் பேச்சுக்குப் பழகியது. 'அவன் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தான்' என்று பிள்ளை படித்தால் பாட்டிக்குக் கதை சப்பென்று போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளை, 'அவனுக்கு ஒரே குஷி' என்று மாற்றிச் சொல்லிவிடும். அப்படி மாற்றுவதை ஆசிரியர்கள் பிழை என்று திருத்தக் கூடாது. இடைசெவலில் இருந்து கி. ராஜநாராயணன் ஒரு தலைமுறைக்கே காட்டிய வழி இதுதான். பேச்சில் உயிரோடு இருக்கும் கதையை அவர் அதே மூச்சோடு தாளில் இறக்கினார். பிள்ளை தாளிலிருந்து பேச்சுக்கு ஏற்றுகிறது.

நூலகம் இன்னொரு சிக்கல். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு அருமையான பகுதி இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஆலைக்குப் போகிற அம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போவது திருவிழாப் பயணம் மாதிரி. டோக்கியோவில் இஷீ மொமொகோ என்ற குழந்தை எழுத்தாளர் 1958-ல் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு நூலகம் திறந்தார். அதைப் பார்த்து ஜப்பான் முழுக்க வீட்டு நூலகங்கள் பெருகின. சிவகாசித் தெருவுக்கும் அந்த அளவு போதும். யாராவது ஒருவர் வீட்டில் ஓர் அலமாரி, ஐம்பது புத்தகங்கள்.

அதைவிட எளிய வழி ஒன்றும் ஊரிலேயே அச்சாகிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் தினமும் உரக்கப் படிக்கப்படும் தாள் எதுவென்று தேடினால், அது தினசரி காலண்டர். காலையில் தாளைக் கிழித்ததும் ராசிபலன், நல்ல நேரம், ராகு காலம் எல்லாவற்றையும் பாட்டிக்குப் படித்துச் சொல்வது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. அந்தக் காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில்தான் அச்சாகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு குட்டிக் கதை போட்டால் ஆண்டுக்கு 52 கதைகள், எந்த நூலகத்துக்கும் போகாமல் ஆணியில் தொங்கும். உதயசங்கர் போன்ற இந்த வட்டாரத்து எழுத்தாளர்களிடமே கேட்டு வாங்கலாம். வரும் ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளைச் சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். அதற்குள் கதைகள் கைக்கு வர வேண்டுமானால் எழுத்தாளர்களிடம் தைப் பொங்கலுக்கே சொல்லி வைக்க வேண்டும்.