ஆறுதல் சொல்லத் தகுதி யாருக்கு?

நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. மாடுகள் செத்து, பயிரும் அழிந்து மனமுடைந்து கிடந்தவருக்கு டி லனோய் விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னதாக வழிவழிச் செய்தி. டி லனோய் 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். தானே கைதியாகி, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டர் தேவசகாயம் பிள்ளை ஆனார். அதன்பின் துன்பம் குறைந்ததா? விலங்கு, சவுக்கு, சிறை என்று வளர்ந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இப்படிப்பட்ட துன்பக் காலத்து மனச்சமாதானம் பற்றித் தமிழில் கிறித்தவர்கள் நிறையவே எழுதியும் பாடியும் இருக்கிறார்கள். அந்த எழுத்தில் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று பார்க்க யோபு ஆகமமே நல்ல உரைகல். மொத்தம் 42 அதிகாரம். பொறுமைக்கு உவமையாகச் சொல்லப்படும் யோபு முதல் இரண்டு அதிகாரங்களில்தான் பொறுமையாக இருக்கிறார். மூன்றாவதில் பிறந்த நாளையே சபிக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது தமக்காக வாதாடிய அந்த மூவரிடம்தான், முறையிட்ட யோபுவிடம் அல்ல. ஆறுதல்கூட்டப் பிரசங்கங்களில் இந்தப் பகுதி ஏனோ அதிகம் காதில் விழுவதில்லை.

முறையீட்டுக்கு இடம்கொடுத்த எழுத்து தமிழில் உண்டு. கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676-1742) எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ அதில் தலையானது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்நூலைத் தவக்காலத்தில் இழுத்து ராகம்போட்டு வாசிப்பது இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கம். பசாம் என்றும் சொல்வார்கள். மகனை இழந்த மரியாளின் அழுகையைக் கேட்கும் தாய்க்குத் தன் வீட்டு இழவும் நினைவுக்கு வரும். அழுதால் யாரும் தடுப்பதில்லை. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த மண் அது. அங்கே ‘அழாதே, எல்லாம் நன்மைக்கே’ என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

சீர்திருத்த சபைகளின் பக்கம், லூத்தரன் ஞானப்பாட்டுகள். பல ஜெர்மனியிலிருந்து வந்தவை. அவற்றின் தாய்மண்ணே முப்பதாண்டுப் போரில் (1618-1648) சிதைந்தது. அப்பாடல்களை எழுதியவர்களுள் ஒருவரான பவுல் கெர்ஹார்ட் ஐந்து பிள்ளைகளில் நால்வரையும் மனைவியையும் அடக்கம் செய்தவர். இப்பாடல்களைத் தமிழில் தந்தவர்களுள் முதன்மையானவரான ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸ் கடனுக்காகச் சென்னையில் சிறையிருந்தவர். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்துக்கு (1894) மூலம் ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதை. பனியன் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டாண்டு கிடந்தவர். வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை கம்பன் நடையில் அந்தப் பயணத்தைத் தமிழாக்கினார். காவியச் செறிவால் அது புலவர் கையோடு நின்றது. சாகக் கிடப்பவர் அருகே வாசிக்க எளிதல்ல. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வழி வேறு: 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைக் கொடுத்துப் பசியாற்றினார், கடவுளிடம் கீர்த்தனையில் முறையிட்டார். இரண்டையும் சேர்த்துச் செய்தார் என்பதால் அவரை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பின் 1951இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். நோயாளிகளுக்கென்று அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் முன்னுரையில் ஒரு காரமான கருத்து: திடகாத்திரமானவர்கள் நோயாளிக்கு எழுதும் துண்டுப் பிரசுரங்கள் உள்ளே இறங்குவதில்லை, வலியில் இருப்பவர் எழுதினால்தான் இறங்கும். இத்துறைக்கே இதைவிடக் கூரிய விமரிசனம் நான் படித்ததில்லை. அவர் தேடிய சமாதானம் வலி போவதல்ல. வலியை ஏற்றுக்கொள்வதில் வருவது.

இந்த அளவுகோலோடு இன்றைய சாட்சிப் புத்தகங்களையும் தொலைக்காட்சிக் கூட்டங்களையும் பார்த்தால் ஏமாற்றமே. கடன் தீர்ந்தது, கட்டி கரைந்தது, விசா கிடைத்தது. கிடைத்தவரின் நன்றியைக் குறைசொல்ல மாட்டேன். கிடைக்காதவர் அந்த மேடையில் ஏறுவதே இல்லை என்பதுதான் குறை. தன் விசுவாசம் போதவில்லையோ என்ற கூடுதல் சுமையோடு அவர் வீட்டுக்குப் போகிறார். யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதான்.

ஆய்வாளர்கள் காவியங்களைக் கவனித்த அளவுக்குப் பசாம் ஏடுகளையும் வாய்மொழி ஒப்பாரிகளையும் கவனிக்கவில்லை. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ கன்னியாகுமரிக் கடலோரத்திலோ பாட்டியின் பெட்டியில் அப்படியொரு ஏடு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள், பாடத் தெரிந்தவர் உயிரோடு இருந்தால் குரலையும் பதிவுசெய்யுங்கள்.