யெனிகாபி: தாமதம் யாரால்?

இஸ்தான்புல் யெனிகாபி அகழாய்வு பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே கதைதான். ரயில் நிலையத்துக்குக் குழி தோண்டினார்கள், எதிர்பாராமல் பழைய துறைமுகம் வந்துவிட்டது, திட்டம் நாலு வருஷம் தள்ளிப்போனது. அந்த ‘எதிர்பாராமல்’தான் எனக்கு உறுத்துகிறது.

அங்கே துறைமுகம் இருந்தது ரகசியம் ஒண்ணும் இல்லை. பைசாந்தியப் பேரரசர் தியோடோசியஸ் பெயரில் வழங்கிய துறைமுகம் அது. லைகஸ் ஓடையின் வண்டலால் தூர்ந்து, பிற்பாடு தோட்டங்களாக மாறியது. 16-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜில், விலாங்கா தோட்டங்கள்தான் அந்தப் பழைய துறைமுகம் என்று அப்போதே அடையாளம் காட்டிவிட்டார். ஈர வண்டலுக்குள் காற்று புகாது, மரம் மக்காது. கப்பல் கிடைப்பதில் என்ன ஆச்சரியம்?

2004-இல் அகழாய்வு தொடங்கியது. கிடைத்தவை 37 கப்பல்கள். பைசாந்தியக் காலத்துத் துடுப்புக் கப்பல்களும் அவற்றில் உண்டு. அவற்றுக்கும் கீழே சுமார் 8,000 ஆண்டுப் பழமையான புதிய கற்காலக் குடியிருப்பு, சேற்றில் பதிந்த மனிதக் காலடித் தடங்கள். 2009-இல் ஓட வேண்டிய மர்மராய் ரயில் 2013 அக்டோபர் 29-இல்தான் ஓடியது. சட்டி பானைக்காகத் தாமதமா என்று அன்றைய பிரதமர் எர்டோகன் அலுத்துக்கொண்டார்.

37 கப்பல் என்று யாரும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாது, நியாயம்தான். ஆனால் தூர்ந்த துறைமுகத்தின் மேல் நிலையம் கட்டப்போகிறோம் என்பது தெரிந்த விஷயம். அதற்கான வருஷங்களை அட்டவணையில் ஒதுக்காதது திட்டமிட்டவர்களின் பிழை. பழி மட்டும் மண்வெட்டி பிடித்தவர்கள் மேல்! அகழாய்வு ஆரம்பித்தபோது நிலையம் எங்கே என்பது முடிவாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் தொல்லியலாளருக்கு மிஞ்சுவது பதிவுசெய்து அப்புறப்படுத்தும் வேலைதான். அதை அவர்கள் பொறுமையாகச் செய்தார்கள், அதற்கு முழுப் பாராட்டு உண்டு.

இது துருக்கிக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கு ஹரப்பாவின் செங்கற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சுமார் 100 மைல் பாதைக்கு அவை போதுமானதாக இருந்தன என்று கன்னிங்ஹாம் எழுதினார். அன்று ஆய்வே கிடையாது. இன்று இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. நல்ல சட்டம்தான். ஆனால் இன்னும் பட்டியலில் ஏறாத மண்மேட்டுக்கு இந்த வட்டம் கிடையாது. நெடுஞ்சாலையின் குறுக்கே வருவது அநேகமாக அப்படிப்பட்ட மேடாகத்தானே இருக்கும்?

‘கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் ஆய்வு’ என்று செய்தி வந்தால் நான் தேடுவது இரண்டு தேதிகளை: பாதையை முடிவுசெய்தது எப்போது, ஆய்வு முடிந்தது எப்போது. ஆய்வு பிந்தியது என்றால், பாதையை நகர்த்தலாமா என்கிற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.