பாரம் சத்தத்தில் இல்லை

2025 யூலை 5இல் பேர்மிங்ஹாமின் வில்லா பார்க் உதைபந்தாட்டத் திடலில் பிளாக் சபத் இசைக்குழு தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. பதினேழு நாட்களில் பாடகர் ஓசி ஒஸ்போர்ன் மறைந்தார். ஹெவி மெற்றலின் முன்னோடி என்று இக்குழுவைப் போற்றுவோர் அதன் பேரிரைச்சலையே காரணமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்குப் பிழை. இரைச்சலில் லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள் குழுக்களும் குறைந்தவையல்ல. சபத் கண்டுபிடித்தது காலத்தை. ப்ளூஸின் நடையைத் தளர்த்தி, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே காத்திருக்க வைத்தது.

1970இல் வந்த முதல் இசைத்தட்டின் தொடக்கப் பாடலே சான்று. மழையையும் மணியோசையையும் தொடர்ந்து கிற்றாரில் மூன்றே சுரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்திமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள அந்தத் தூரத்தை ஐரோப்பியர் சாத்தானோடு சேர்த்துப் பேசியதுண்டு. ஆனால் நயினாதீவு நாகபூஷணி அம்மன் வீதியில் நாதஸ்வரத்தில் கல்யாணி கேட்ட காதுக்கு அதே பிரதி மத்திமம் மங்களம். ஆகவே அச்சம் சுரத்தில் இல்லை. அடுத்த சுரம் எப்போது விழும் என்ற காத்திருப்பில் இருக்கிறது.

இதெல்லாம் விபத்தின் விளைவு என்று சிலர் மறுப்பார்கள். கிற்றார் கலைஞர் ரொனி அயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கில் கூடு செய்து மாட்டி, மெல்லிய தந்திகளில் வாசித்தார். உண்மைதான். ஆனால் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தியது 1971இன் ‘மாஸ்டர் ஒஃப் றியாலிட்டி’ தொகுப்பில். மெதுநடையோ அதற்கு முந்தியே முதல் பாடலில் இருக்கிறது. காயம் கருவியை மாற்றியது; காலத்தைத் தேர்ந்தது கலைஞர்களின் அறிவு.

யாழ்ப்பாணத் தீவகத்துக்கு இதனால் என்ன என்று கேட்பதும் நியாயமே. 2003இல் முதல் தொகுப்பை வெளியிட்ட கொழும்பின் ஸ்டிக்மாற்றா இந்த இசைக்கு இலங்கையிலும் வேர் உண்டென்று காட்டியது. ஆனால் அது ஆங்கிலத்தில் பாடும் தலைநகரக் குழு. ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஓர் இளைஞர் தமிழில் இதைத் தொடங்க நினைத்தால், அயோமியின் உறுமலைப் படியெடுக்க வேண்டியதில்லை. வலக்கை விரல்களில் கூடு மாட்டிய தவில்காரர் நம்மிடம் முன்பே இருக்கிறார். விளம்ப காலத்தில் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில் அவர் விடும் மௌனத்தில் சபத் தேடிய பாரம் இருக்கிறது. பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.