விழுந்து எழும் சேர்வர்

அரநாயக்கவில் தகரக் கூரையில் மழை இறங்கும் நேரம், அடிக்கடி விழுந்துவிடும் நெட்வேர்க் கண்காணிப்பு சேர்வரின் முன்னால் தம்பி ஒருவன் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். 2016 மே 17 மண்சரிவுக்குப் பிறகு இந்த மலையடியில் மழைச் சத்தம் வெறும் சத்தமல்ல. தொடர்பு அறுந்தால் உடனே தெரியவேண்டும். அவசரக்காரர் மீள இயக்கிவிட்டுப் போய்விடுவார். இவன் முதலில் காது கொடுப்பான்: விசிறி இரைந்து, தணிந்து, மறுபடி இரையும். பிறகு பதிவுக் கோப்பை, கொழுந்து தேடும் விரல்போல, கீழிருந்து மேலாக வரி வரியாகத் தடவுவான்.

நின்றுபோன நிரல் விட்டுச்சென்ற எண் 137. லினக்ஸில் அது 128உம் 9உம் சேர்ந்தது; 9 என்பது வலிந்து நிறுத்தும் சமிக்ஞை. அதாவது நிரல் தானாக விழவில்லை, நிறுத்தப்பட்டிருக்கிறது. நினைவகம் தீர்ந்ததும் கேர்னல் செய்யும் வேலையாக இருக்கலாம். அந்த "இருக்கலாம்" இவனுக்குப் போதாது. கேர்னலின் பதிவில் அதற்கான வரியைக் கண்டபின்தான் மூச்சு விடுவான். ரவுட்டர்களை விசாரிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நினைவகம் திரும்பாமல் தங்குகிறது, ஒழுகும் கூரையின் கீழ் வாளி நிறைவதைப்போல. "ஒரு தடவைக்கு ஒன்ன மட்டும்தான் மாத்தணும் அண்ணே" என்பான். ஒன்றை மாற்றிவிட்டு, பிளேன்டீ ஆறிப்போவதும் தெரியாமல், திரையில் நகரும் நினைவகப் பயன்பாட்டின் மெல்லிய கோட்டையே பார்த்திருப்பான். மழை விட்ட பிறகும் எழும்பமாட்டான். கோடு இன்னும் ஏறவில்லை.