நகல் இசையும் எல்லைக்கோடும்

அயர்லாந்தின் ஷோபேண்டுகள் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் காதல் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. 1960களில் வேனில் ஊர் ஊராகப் போய், அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டுகளை அப்படியே வாசித்து ஜனங்களை ஆடவைத்த குழுக்கள் இவை. ஹாலில் ஒருபக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள்; குடிக்க கலர், சோடாதான். 1935 சட்டப்படி டான்சுக்கு லைசென்ஸ் வேணும். தவக்காலத்தில் பெரும்பாலான ஹால்கள் மூடிக்கிடக்கும். உடல்கள்மீதான இந்தக் கண்காணிப்பை ஏக்கம் சௌகரியமாக மறந்துவிடுகிறது.

விமர்சகர்கள் பலரோ 'வெறும் நகல்' என்று ஒதுக்கினார்கள். 'சுயமான படைப்பு' என்கிற புனிதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். மயாமி ஷோபேண்டில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் ஒன்றாக வாசித்தார்கள், எல்லைக்கு இருபுறமும். எந்த அரசியல் பாட்டும் பாடியவர்களல்ல. 1975 ஜூலை 31 அதிகாலை, வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் டான்ஸ் முடித்து டப்ளின் திரும்பிய அவர்கள் வேனை, ராணுவ உடையில் நின்ற யு.வி.எஃப். என்னும் பிரிட்டன் ஆதரவு ஆயுதக்குழு மறித்தது. வேனில் ரகசியமாக வைக்கப்போன குண்டு அப்போதே வெடித்து, வைத்த இருவரும் செத்தார்கள். மற்றவர்கள் சுட்டதில் ஃபிரான் ஓ'டூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் இறந்தார்கள். மெக்காய் புராட்டஸ்டண்ட். சுட்ட கும்பலில் சிலர் அரசுப் படையில் சம்பளம் வாங்கியவர்கள். குண்டு வழியில் வெடித்திருந்தால், வெடிமருந்து கடத்தியவர்கள் என்றே இந்தப் பாட்டுக்காரர்கள் பதிவாகியிருப்பார்கள்.